அந்தப் பெட்டி பெரிதாகும், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பெட்டை தாரணி, இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுவது.

முதலில் ஒரு புதினம். அந்தப் பெட்டி பெரிதாகும், அம்மா. மெயில் எழுதத் தொடங்கும்போது திரையின் வலதுபக்க மூலையில் கீழேயிருந்து எழும்பி வருமே, நீங்கள் "தீப்பெட்டி" என்று பெயர் வைத்தீர்களே, அதுதான். அதன் தலைப்பில் இரண்டு சின்ன அம்புக்குறிகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு சரிந்து நிற்கின்றன. அதில் ஒரு தட்டுத் தட்டினால் பெட்டி திரை முழுக்க விரிந்துவிடுகிறது. இவ்வளவு காலமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரியும். நீங்கள் போய் ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசத்துக்கு அப்பா ஒரு சிறிய நினைவு மலர் அடிக்கிறார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் "மகள் புலம்பல்" என்று வந்த பாட்டு நான் எழுதியதல்ல. யாரோ ஒரு புலவர் எழுதித் தந்தது. அதில் நான் உங்களை "மாதாவே" என்று கூப்பிட்டு அழுகிறேன். உங்களை ஒருநாளாவது மாதா என்று கூப்பிட்டிருக்கிறேனா? அதனால்தான் இந்த முறை நானே எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயோ? ஆக்கள் வந்தால் குசினிக்குள்ளை ஓடி ஒளியிறனி. நீ ஊருக்குக் கடிதம் எழுதப்போறியோ?"

"ஊருக்கில்லை அப்பா. அம்மாக்கு."

"அப்ப எழுது."

வாசிக்கிற சொந்தக்காரருக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். செந்தூரன் அண்ணை கப்பலில் வேலைக்குப் போனதும், நீங்கள் விரும்பாமல் இருக்கவே போனதும் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் ஓட்டோவில் ஏறிய காலையில் நீங்கள் கேற்றடிக்கு வரவில்லை என்பதையும் ஊர் கதைத்தது. "தாய்க்காரி மகனை முகம் குடுத்தும் பாக்கேல்லையாம்" என்று சந்தையில் ஒருவர் சொன்னது அப்பாவின் காதுவரைக்கும் வந்தது.

நடுக்கடலில் போன் எடுக்காது, மெயில் மட்டும் போகும் வரும் என்று அண்ணை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருடைய பழைய லப்டொப்பை உங்கள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலால் வந்து, சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருவீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் நான் பொத்தான் தைத்துக்கொண்டு இருப்பேன். என்னைத் தொட விடமாட்டீர்கள். தாய் மகனுக்கு எழுதுவதைத் தாயே எழுத வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம்.

முதல்நாள் அந்தப் பெட்டி எழும்பி வந்தபோது நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

"இதென்னடி பெட்டை, இவ்வளவு பெரிய கண்ணாடி இருக்க, மூலையிலை ஒரு தீப்பெட்டியைத் தந்திருக்கிறாங்கள்?"

"அவ்வளவுதான் போலை இருக்கம்மா."

"சரி, வான்கடிதம் மாதிரித்தான். பாத்து எழுதினால் கொள்ளும்."

வான்கடிதத்தை இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. நானும் உங்கள் பெட்டகத்தில்தான் பார்த்தேன். நீல நிறத் தாள். அதிலேயே எழுதி, அதையே மடித்து, ஓரத்தை ஒட்டி அனுப்ப வேண்டும். இன்னொரு தாளை உள்ளே வைக்க முடியாது. ஜெர்மனியில் இருந்த மாமாவுக்கு நீங்கள் அதில்தான் எழுதினீர்களாம். எழுத்தைச் சிறிதாக்கி, கடைசியில் ஓரத்தைச் சுற்றியும் எழுதுவீர்களாம். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. எழுதுகிற தாள்தான் போய்ச் சேரும். அந்தப் பெட்டி எந்த அளவோ அதே அளவில் கப்பலிலும் திறக்கும் என்று நம்பினீர்கள். நானும் நம்பினேன். படம் அனுப்ப வேண்டாம், கப்பலில் லைன் காணாது என்று அண்ணை வேறு சொல்லியிருந்தாரே. அதனால் அங்கே எல்லாமே சிறிதுதான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

பெட்டி நிறைந்ததும் முதல் வரி மேலே ஏறி மறையும். உடனே பதறுவீர்கள்.

"ஐயோ, 'தம்பி' எண்டது மேலை போட்டுது!"

"இருக்குதம்மா, உருட்டினால் வரும்."

"உருட்டினால் எனக்கு வரும். கப்பல் ஆடிக்கொண்டு நிக்கேக்கை அவன் உருட்டிக்கொண்டோ இருப்பான்? ஒரு பார்வையிலை முழுக்கக் கண்ணிலை பட வேணும்."

பிறகு வெட்டத் தொடங்குவீர்கள். துணி காணாவிட்டால் சட்டையின் கையைக் குறைப்பீர்களே, அப்படி. எதை வெட்டுவது என்று யோசிக்கும்போது கீழ் உதட்டைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் "அன்புள்ள" போகும்.

"அன்பில்லாமலோ எழுதுறன்? அது அவனுக்குத் தெரிஞ்ச விசயம். தெரியாததை எழுதுவம்."

வெங்காயம் நட்டது அவருக்குத் தெரியாதது. ஆகவே அது இருக்கும். மழை இல்லாதது தெரியாதது. அதுவும் இருக்கும். அவரை நினைத்து நீங்கள் எழுதியதெல்லாம் தெரிந்தது. அது போய்விடும். கடைசியில் மிஞ்சுவது இதுதான்: "தம்பி, நாங்கள் நலம். அப்பா வெங்காயம் நட்டுவிட்டார். மழை காணாது. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா." முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பீர்கள். திருப்தியாக இருக்கும். பிறகு அனுப்புவீர்கள்.

நீங்கள் வருத்தமாகி நோயில் படுத்தபோதுகூட எழுந்து உட்கார்ந்து அப்படித்தான் எழுதினீர்கள். "எனக்குச் சின்ன வருத்தம், யோசிக்காதே" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

துறைமுகத்தில் இருந்து அண்ணை போன் எடுத்தால் இன்னும் மோசம். அவர் குரல் கேட்டதும் உங்களுக்கு அழுகை வந்துவிடும். போனை என் கையில் திணித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள். போனைக் கண்டால் எனக்குப் பயத்தில் கதை வராது. "ம்" என்பேன். "ஓம்" என்பேன். அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது வருத்தத்தில் உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக என்று எல்லோரும் சொன்னார்கள். அது அரைவாசிதான் உண்மை. மற்ற அரைவாசி உங்களுக்குத் தெரியும். எழும்பி நின்று வாசி என்று ரீச்சர் சொன்னால் எனக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு புகை வந்துவிடும். நீங்கள் ஏசவில்லை. "வீட்டிலை இருந்து என்னோடை கதை, அது காணும்" என்றீர்கள். உங்களோடு நான் நன்றாகத்தானே கதைத்தேன்?

நீங்கள் போனபோது அண்ணை எங்கோ நடுக்கடலில். வர முடியவில்லை. அது அவருடைய பிழையில்லை என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனால் ஆட்டைத் திவசம் வருகிறது, வருகிறாயா என்று அப்பா போனில் கேட்டபோது, இன்னொரு கப்பலில் ஏறப்போவதாகச் சொன்னார். அப்பா போனை என்னிடம் தந்துவிட்டு வெளியே போனார்.

"நான் வந்து என்ன செய்யிறது தாரு?" என்றார் அண்ணை. "அம்மா உயிரோடை இருக்கேக்கையே என்னோடை கதைக்க விரும்பேல்லை. எழுதினதெல்லாம் தந்தி மாதிரி. கடைசி மட்டும் கோவம் போகேல்லை. இப்ப வந்து படத்துக்குப் பூப் போட்டால் சரியோ?"

இல்லை அண்ணை, அது அப்படி இல்லை. நீங்கள் வாசித்தது மிச்சம், அம்மா வெட்டியது எல்லாம் எனக்குத் தெரியும். இவ்வளவும் என் நெஞ்சில் நிற்கிறது, அம்மா. வாயில் வரவில்லை. "ம்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அப்பா திரும்பி வந்து கேட்டார். "என்னவாம் கொண்ணன்?"

"வரமாட்டாராம்."

"விடு. கெஞ்சிக் கூப்பிட ஏலாது. கொம்மாவுக்கு நான் செய்வன்."

சொல்லிவிட்டு, இறைக்கவே தேவையில்லாத நேரத்தில் போய் வாய்க்காலைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

அடுத்தநாள் உங்கள் லப்டொப்பைத் திறந்து, நானே முதன்முறையாக ஒரு மெயில் எழுதினேன். தீப்பெட்டி எழும்பி வந்தது. நானும் உங்கள் மகள்தானே. வெட்டி வெட்டிக் கடைசியில் "அண்ணை, அம்மாவுக்கு உங்களில் கோபம் இல்லை. வாருங்கள். தாரணி" என்று போனது. பதிலும் அதே அளவில் வந்தது. "சரி தங்கச்சி. பார்ப்பம்."

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கம் ராஜி அக்கா ஒரு கடை வைத்திருக்கிறா. போட்டோக்கொப்பி, லமினேற், விண்ணப்பம் நிரப்புவது, ஆட்களுக்கு மெயில் அனுப்பிக் கொடுப்பது. எனக்குப் போட்டோக்கொப்பி மெசினோடுதான் வேலை. மெசின் பேசாது, நானும் பேசமாட்டேன், நல்ல பொருத்தம். ஆனால் ஒருநாள் ராஜி அக்கா ஒரு பெரிய விண்ணப்பத்தோடு மாட்டுப்பட்டுக்கொண்டு நின்றபோது, கோப்பாயில் இருந்து ஓர் அன்ரி வந்து நேரே என் முன்னால் உட்கார்ந்துவிட்டா. லண்டனில் இருக்கும் மகளுக்கு மாப்பிள்ளை விசயமாக மெயில் போட வேண்டுமாம்.

"நான் சொல்லச் சொல்ல அடி பிள்ளை. முதல் மாப்பிள்ளையின்ரை தாய் வழியைச் சொல்லுறன், பிறகு தகப்பன் வழி, பிறகு அவையின்ரை காணியைச் சொல்லுறன்..."

நான் மெதுவாகச் சொன்னேன். "அவ்வளவும் இதுக்குள்ளை கொள்ளாது அன்ரி. சுருக்கிச் சொல்லுங்கோ."

"சுருக்கிறதோ? கலியாணத்தையோ?"

ராஜி அக்கா அந்தப் பக்கத்தில் இருந்து சிரித்தா. "ஆரடி சொன்னது கொள்ளாது எண்டு?" எட்டி வந்து, என் கைக்கு மேலால் மௌசைப் பிடித்து, அந்த இரண்டு அம்புக்குறியில் ஒரு தட்டு. பெட்டி திரை முழுக்க விரிந்தது. "எவ்வளவு வேணுமெண்டாலும் அடி. சின்னப் பெட்டியிலை அடிச்சாலும் போறது முழுக்கப் போகும். பெட்டி எங்கடை வசதிக்கு, கடிதத்துக்கில்லை."



அன்ரி என் முகத்தைப் பார்த்தா. "என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி? பெட்டிதானே பெரிசானது!"

அன்ரியின் கடிதத்தை எப்படி அடித்து முடித்தேன் என்று தெரியாது. மாப்பிள்ளையின் மூன்றாவது மாமா வரைக்கும் போனது. ஒன்றையும் வெட்டவில்லை. அனுப்பி முடித்ததும் அன்ரி ஒரு பெருமூச்சு விட்டு, "இப்பத்தான் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு" என்றா. எனக்கு உங்கள் கீழ் உதடு நினைவுக்கு வந்தது. நீங்கள் ஒரு தடவையாவது வயிறு நிறைய எழுதியதுண்டா அம்மா?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு லப்டொப்பில் காட்டினேன். பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். நீங்கள் ஏன் சுருக்கி எழுதினீர்கள் என்பதையும் சொன்னேன். அப்பா குனிந்து, அந்தச் சின்னப் பெட்டியை விரலால் அளந்து பார்த்தார்.

"அப்ப கொம்மா இவ்வளவு நாளும் இந்தத் துண்டுக்கு அளவெடுத்தே வெட்டினவள்?"

"ஓம் அப்பா."

"ஒரு அங்குலம் மிச்சம் விடாமல் வெட்டுவள் அவள்." சிரிக்கத் தொடங்கினார். பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்தார். "கொண்ணனுக்கு எழுது. அவள் வெட்டினது உனக்கு ஞாபகம் இருக்கோ?"

இருக்கிறது. பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாலும் என் கண் உங்கள் திரையில்தானே இருந்தது.

அன்று பின்னேரமே உட்கார்ந்தேன். முதலில் பெட்டியைப் பெரிதாக்கினேன். "அன்புள்ள அண்ணைக்கு" என்று தொடங்கினேன். அந்தத் தீப்பெட்டி, வான்கடிதம், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நீங்கள் எழுதி அழித்ததை எழுதினேன். "நீ போன அன்று கேற்றடிக்கு வந்தால் ஓட்டோவை மறித்துவிடுவேன் என்று பயந்துதான் கிணற்றடியில் நின்றேன். சத்தம் சந்தி திரும்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்." "ரிவியில் கடலைக் காட்டினால் கறியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவருகிறேன். அப்பா சிரிக்கிறார்." "ஆடிக்கூழுக்கு உனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். பிறகு அதைத் தாரு குடித்தாள்." "உன் நீலச் சேட்டுக்குப் பொத்தான் தைத்துவிட்டேன். இனிக் கழலாது." "கடல் வேலை உனக்குப் பிடித்திருந்தால் எனக்கும் பிடிக்கும், கொஞ்சக் காலம் எடுக்கும், பொறுத்துக்கொள்." இந்தக் கடைசி வரியை நீங்கள் எழுதிய அன்று மழையும் பெய்தது. மழையைப் பற்றி எழுத இடம் வேண்டுமென்று அதை அழித்தீர்கள்.

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழமை பதில் இல்லை. அப்பா, நான் கடையால் வரும் நேரத்தில் கேற்றடியில் எதையாவது திருத்திக்கொண்டு நின்றார்.

பிறகு போன் வந்தது. அண்ணை ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்து எடுத்தார். அவர் பின்னால் ஒரே இரைச்சல்.

"தாரு, அம்மாவின்ரை மெயில் எங்கடை கப்பல் கொம்பியூட்டரிலை எப்பிடி வரும் தெரியுமோ? பெரிய திரை. மேலை நாலு வரி. கீழை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையைத்தான் நான் பாத்துக்கொண்டு இருக்கிறனான். இவ்வளவு இடம் கிடக்க அம்மாக்கு எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லையோ எண்டு. கீழை ஏதும் இருக்குமோ எண்டு உருட்டி உருட்டிப் பாத்திருக்கிறன்."

கேட்டீர்களா அம்மா? கப்பல் ஆடும்போது அவன் உருட்டுவானா என்றீர்கள். உருட்டியிருக்கிறார். 

அதைக் கேட்டதும் என் போன் பயம் எங்கே போனதென்று தெரியாது. நான் கதைக்கத் தொடங்கினேன். நீங்கள் உதட்டைப் பிடிப்பதை, "தம்பி மேலை போட்டுது" என்று பதறுவதை, அன்ரியின் மூன்றாவது மாமாவை, எல்லாவற்றையும். அண்ணை சிரித்தார், பிறகு மூக்கை உறிஞ்சினார். அப்பா வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆரடி அது, ரேடியோவைப் போட்டுவிட்ட மாதிரி? எங்கடை பிள்ளையோ கதைக்குது?"

போனில் அண்ணை சொன்னார். "அப்பாட்டைச் சொல்லு, நான் வாறன். திவசத்துக்கு நிப்பன்."

போன கிழமை வந்துவிட்டார், அம்மா. கெஞ்சிக் கூப்பிட ஏலாது என்ற அப்பா, வெங்காய விலை கேட்கச் சந்தைக்குப் போகிறேன் என்று விடியவே வெளிக்கிட்டு, நேரே சுன்னாகம் ஸ்ரேசனில் போய் நின்றாராம். ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே. அண்ணை நீலச் சேட்டைப் போட்டுப் பார்த்தார். கப்பல் சாப்பாட்டில் வயிறு வைத்துவிட்டது, பூட்ட முடியவில்லை. இழுத்துப் பார்த்தார். நீங்கள் தைத்த பொத்தான் அசையவில்லை. பக்கத்துத் தையல்தான் விட்டது.

நேற்று உங்கள் மேசையில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியைக் காட்டு என்றார். காட்டினேன். விரித்தார், சுருக்கினார், திரும்ப விரித்தார். "சின்னப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைச்ச மாதிரி" என்றார் அப்பா. எப்போது திறந்தாலும் பெரிதாகவே வரும்படி ஒரேயடியாக வைத்துவிடலாம் என்று ராஜி அக்கா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறா. உங்கள் கணக்கிலும் அப்படி வைத்துவிடவா என்று அண்ணையிடம் கேட்டேன்.

"வேண்டாம் தாரு. அம்மாவின்ரை அப்பிடியே கிடக்கட்டும்" என்றார். "இப்ப எனக்கு அது சின்னனாத் தெரியேல்லை."

அதனால் உங்களுடையது தீப்பெட்டியாகவே இருக்கிறது. எனக்கென்று ஒரு கணக்குத் திறந்துவிட்டேன். அதில்தான் இதை எழுதுகிறேன், திரை முழுக்க. மலர் அடிக்கிறவர் ஒரு பக்கத்துக்குள் தரச் சொன்னாராம். "அவள் எழுதிறதை எல்லாம் போடுங்கோ, பக்கத்தைக் கூட்டுங்கோ. எங்கடை வீட்டிலை வெட்டினது காணும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

இந்த முறை வெங்காயம் நன்றாக விளைந்திருக்கிறது. அப்பாவின் சொதி இன்னும் உப்புக் கூடத்தான். அண்ணை உங்கள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, பகலிலேயே குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

திவசம் முடிய அவர் திரும்பிக் கப்பலுக்குப் போவார். போகும் காலையில் நான் கேற்றடியில் நிற்பேன், அம்மா. நீங்கள் நின்றதாகவும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அவருக்கு எழுதுவேன். வெங்காயமும் மழையும் கட்டாயம் இருக்கும். அவருக்குத் தெரிந்ததையும் எழுதுவேன். தெரிந்தது என்பதற்காக அந்த முதல் சொல்லை ஒருநாளும் வெட்டமாட்டேன்.

அன்புள்ள,
உங்கள் பெட்டை,
செந்தூரனின் தங்கச்சி,
தாரணி